பழைய கேம் கொன்சோல், புதிய டிவி: படத்தை எங்கிருந்து எடுப்பது?

பழைய டிவி கேமையோ சேகாவின் மெகா டிரைவையோ அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, ஹோலில் இருக்கும் 43 அங்குல எல்ஈடி டிவியில் மாட்டிப் பார்ப்பவர்கள் முதலில் சொல்வது, "சின்ன வயசில இவ்வளவு மோசமா இருக்கேல்லையே" என்பதுதான். எழுத்துகளின் ஓரம் கரைந்திருக்கும். சிவப்புச் சட்டை போட்ட பாத்திரம் ஓடினால் சிவப்பு பின்னால் இழுபடும். நேரான கோடுகளில் எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள் நகரும்.

நினைவு பொய் சொல்லவில்லை. அந்தப் படம் 14, 21 அங்குலக் குழாய் டிவிக்காகச் செய்யப்பட்டது. குழாயின் மென்மையில் பாதிக் குறை மறைந்துவிடும். மீதிக் குறை கொன்சோலுக்குள்ளேயே நடக்கிறது. படச் சில்லுக்குள் படம் சுத்தமாகத்தான் பிறக்கிறது. டிவிக்கு வந்து சேரும் வழியில்தான் அழுக்காகிறது. வீடியோ மொட் என்பது அந்த அழுக்கு சேரும் இடத்துக்கு ஒரு படி முன்னால் போய், அங்கிருந்து வயர் எடுப்பது. இதை விளங்கிக்கொண்டால் எந்தக் கொன்சோலுக்கு எது செய்யலாம், எதற்குக் காசு செலவழிப்பது வீண் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

தேத்தண்ணிக் கணக்கு

பெரும்பாலான கொன்சோல்களில் படச் சில்லு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனி மின்னழுத்தங்களைத் தருகிறது. அதனுடன், ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு படமும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் சிங்க் துடிப்பும் வரும். இந்த நான்கையும் அப்படியே டிவிக்குக் கொண்டுபோனால் அது ஆர்ஜிபி. கலப்படமே இல்லாத நிலை.

ஆனால் அந்தக் காலத்து டிவிக்கு ஒரே ஒரு வயரில்தான் படம் போக வேண்டியிருந்தது. ஆகவே என்கோடர் என்ற சில்லு மூன்று நிறத்தையும் எடுத்து, வெளிச்சம் ஒரு பங்கு, நிறம் ஒரு பங்கு என்று இரண்டாக்குகிறது. இந்த இரண்டையும் தனித்தனி வயரில் அனுப்பினால் எஸ்-வீடியோ. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே வயரில் அனுப்பினால் கொம்போசிட். மஞ்சள் நிற ஏவி வயர் இதுதான். அந்தக் கலவையைச் சத்தத்தோடும் சேர்த்து ஒரு டிவி சேனலின் அலைவரிசையில் ஏற்றினால் ஆர்எஃப்; அன்டெனா சொக்கெட்டில் குத்துகிற வயர்.

பிளேன்டீயையும் பாலையும் சீனியையும் கலந்தபின் திரும்பப் பிரிக்க முடியுமா? டிவிக்குள் இருக்கும் வடிகட்டியிடம் அதைத்தான் கேட்கிறோம். பால் முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி வருகிறது, என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸில். (இந்தப் பால் மாட்டுப் பால் அல்ல, இலங்கையின் ஒளிபரப்பு முறை; என்டிஎஸ்சி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த முறை.) வெளிச்சத்தின் நுண்ணிய விவரங்களும் அதே அலைவரிசைப் பகுதியில்தான் இருக்கின்றன. எனவே டிவி சில வேளை வெளிச்சத்தை நிறமென்று நினைத்து வானவில் காட்டுகிறது. சில வேளை நிறத்தை வெளிச்சமென்று நினைத்து, மேலே சொன்ன எறும்பூர்தலைக் காட்டுகிறது. ஆர்எஃப் என்றால் இதற்கு மேல் இரைச்சலும் சேரும்.

ஆகவே கீழிருந்து மேலே போகும் ஒவ்வொரு படியும் ஒரு முன்னேற்றம். ஆனால் எல்லாப் படியும் ஒரே உயரம் அல்ல. ஆர்எஃப்பிலிருந்து கொம்போசிட்டுக்கு வருவது பெரிய தாவல். கொம்போசிட்டிலிருந்து எஸ்-வீடியோவுக்கு வருவது அதைவிடப் பெரியது. ஊர்தலும் வானவில்லும் அங்கேயே ஒழிந்துவிடும். எஸ்-வீடியோவிலிருந்து ஆர்ஜிபிக்குப் போவதில் நிறத்தின் ஓரங்கள் கூர்மையாகும், ஆனால் சோபாவில் இருந்து பார்ப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாமலும் போகலாம். எஸ்-வீடியோ சொக்கெட் உள்ள டிவி கையில் இருந்தால் அங்கேயே நிற்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

திறக்கும் முன் வயரைப் பாருங்கள்

பலரும் ஸ்குரூ டிரைவரோடு தொடங்குகிறார்கள். அது பிழை. மெகா டிரைவ், சூப்பர் நின்டென்டோவின் வழமையான பெரிய உடல், சாட்டர்ன், பிளேஸ்டேஷன் 1, 2 ஆகிய அனைத்திலும் ஆர்ஜிபி ஏற்கெனவே பின்பக்கச் சொக்கெட்டில் வருகிறது. வாங்கவேண்டியது வயர் மட்டும். ட்ரீம்காஸ்ட் இன்னும் ஒரு படி மேல். கணினித் திரைக்குப் போகும் விஜிஏ 480பி படத்தை (ஒரே தடவையில் 480 வரி) தானே தரும்.

மொட் உண்மையில் தேவைப்படுபவை வேறு. நின்டென்டோ 64 ஆர்ஜிபியை உள்ளே வைத்துக்கொண்டே வெளியே விடுவதில்லை. 1983இல் வந்த நின்டென்டோ ஃபெமிகொமும் அதன் வெளிநாட்டு உடன்பிறப்பான என்ஈஎஸ்ஸும் விசித்திரமான பிறவிகள். அவற்றின் படச் சில்லு நேரடியாகக் கொம்போசிட்டையே உற்பத்தி செய்கிறது. ஆர்ஜிபி என்ற கட்டமே உள்ளே இல்லை. தேத்தண்ணி கலந்தே ஊற்றெடுக்கிறது என்று வையுங்கள். அதற்கு ஆர்ஜிபி வேண்டுமென்றால் படச் சில்லைக் கழற்றி, டிம் வேர்த்திங்டன் வடிவமைத்த என்ஈஎஸ்ஆர்ஜிபி போன்ற ஒரு தனிப் பலகையைப் பூட்ட வேண்டும். 40 கால் சில்லைப் பலகை கிழியாமல் கழற்றுவது புதியவருக்கான வேலை அல்ல.

வயர் வாங்குகையில் நாட்டைப் பார்த்து வாங்குங்கள். கொழும்பில் கைமாறும் கொன்சோல்கள் எல்லா ஊர்க் கலவை: ஜப்பானியப் பழசு, டுபாயிலிருந்து வந்தது, லண்டன் மாமா விட்டுப்போனது. சூப்பர் நின்டென்டோவின் 12 கால் சொக்கெட் வெளியே ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒன்றல்ல. ஜப்பானிய, அமெரிக்க வகையில் 3ஆம் காலில் சிங்க் வருகிறது. பால் வகையில் அதே காலில் 12 வோல்ட் வருகிறது. சிங்க்குக்காகச் செய்த வயரைப் பால் கொன்சோலில் குத்தினால், 1 வோல்ட்டுக்கும் குறைவான சைகையை எதிர்பார்க்கும், படத்தை எச்டிஎம்ஐயாக மாற்றும் கன்வெர்ட்டரின் வாயில் 12 வோல்ட்டை ஊற்றுகிறீர்கள். நிறக் கம்பிகளிலும் வேறுபாடு உண்டு. என்டிஎஸ்சி வகைக்கு வயருக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் 220 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டர் தொடராக வேண்டும். பால் வகைக்குக் கெப்பாசிட்டர் வேண்டாம், ஒவ்வொரு நிறத்திலிருந்தும் கிரவுண்டுக்கு 75 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் படம் வெளுத்து, வெள்ளைப் பகுதிகள் ஊதிப்போய்த் தெரியும்.

அடெப்டரைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானிய அடெப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் குத்தினால் அதன் ஆயுள் சில விநாடிகள். ஃபெமிகொமுக்கும் சூப்பர் ஃபெமிகொமுக்கும் (ஜப்பானிய சூப்பர் நின்டென்டோ) 10 வோல்ட் டிசி, 850 மில்லிஅம்பியர், நடுமுனை மைனஸ். முதலாம் மாதிரி மெகா டிரைவிலும் நடுமுனை மைனஸ்தான். ஆனால் இரண்டாம் மாதிரியில் நடுமுனை பிளஸ். புறக்கோட்டையில் கிடைக்கும் பொது அடெப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பிளஸ்ஸாகவே இருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் குத்தக்கூடாது.

டிவி கேமிலிருந்து தொடங்குவோம்

முதல் மொட்டுக்கு மிகப் பொருத்தமானது, தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு இருந்த அந்த ஃபெமிகொம் நகல்தான். பழுதானாலும் அழவேண்டியதில்லை, செய்து முடித்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆர்எஃப் மட்டும் உள்ள பெட்டிக்கு ஏவி சொக்கெட் போடுவதே வேலை. ஏற்கெனவே மஞ்சள், வெள்ளை சொக்கெட் இருந்தால் உங்கள் பெட்டிக்கு இது தேவையில்லை.

மூடியைக் கழற்றினால் பலகையில் ஒரு கறுப்புப் பசைக் குமிழ் தெரியும். முழுக் கொன்சோலும் அதற்குள்தான் இருக்கிறது. அதன் கால்களைத் தொட வழியில்லை. கவலை வேண்டாம், நமக்குத் தேவையான இடம் வேறு. பின்பக்கம் தகரத்தால் மூடிய சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் ஆர்எஃப் மொடுலேட்டர். கொம்போசிட்டும் சத்தமும் அதற்குள் தனித்தனியாகப் போய், கலந்து வெளியே வருகின்றன. போகும் வாசலிலேயே இரண்டையும் மறிக்கப்போகிறோம்.

மொடுலேட்டருக்குள் வழமையாக மூன்று கோடுகள் நுழையும்: 5 வோல்ட், வீடியோ, சத்தம். தகர உடல் கிரவுண்ட். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தகரத்தில் வைத்து, கேமை ஓடவிட்டு ஒவ்வொரு காலையும் அளந்து பாருங்கள். அசையாமல் 5 வோல்ட் காட்டுவது மின்வழங்கல். அதைவிடக் குறைவாக, படம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும்போது கொஞ்சம் அசைவது வீடியோ. அளவையில் தெளிவில்லையென்றால் இன்னொரு வழி: பழைய ஏவி வயர் ஒன்றை வெட்டி, வெளிவலையைத் தகரத்தில் பிடித்து, நடுக்கம்பியில் 100 ஓம் ரெசிஸ்டரையும் 220 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டரையும் தொடராகக் கோர்த்து, அந்த முனையால் ஒவ்வொரு காலையும் தொடுங்கள். கெப்பாசிட்டரின் பிளஸ் பக்கம் கொன்சோலை நோக்கி இருக்க வேண்டும். சரியான காலைத் தொட்டதும் டிவியில் மங்கலாகவாவது படம் விழும். வயரின் மறுமுனையை டிவியின் வெள்ளைச் சொக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டு தேடினால் பாட்டுக் கேட்கும் கால் சத்தத்தினுடையது.

கால் தெரிந்ததும் அதிலிருந்து நேரே வயர் இழுத்துச் சொக்கெட்டில் போட்டு முடித்துவிடுபவர்கள் உண்டு. படம் வரும்தான், ஆனால் மங்கி, சில டிவிகளில் ஆடும். காரணம், டிவியின் உள்ளீடு 75 ஓம் சுமை. அவ்வளவு மின்னோட்டத்தைத் தள்ளும் பலம் அந்தக் கோட்டுக்குக் கிடையாது. இடையில் ஒரு டிரான்சிஸ்டர் சுமைதாங்கியாக நிற்க வேண்டும்.

தேவையானவை: ஏ1015 அல்லது 2என்3906 டிரான்சிஸ்டர் ஒன்று, 300 ஓம் ரெசிஸ்டர் (இல்லையென்றால் 330), 75 ஓம் ரெசிஸ்டர், 220 மைக்ரோஃபராட் 16 வோல்ட் கெப்பாசிட்டர், சத்தத்துக்கு 10 மைக்ரோஃபராட் ஒன்று, ஆர்சிஏ சொக்கெட் இரண்டு, மெல்லிய ஷீல்ட் வயர் (வெளிவலை உள்ளது) அரை மீட்டர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் உதிரிப்பாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஒரு கொத்துரொட்டியின் காசைத் தாண்டாது.

இணைப்பு இப்படி. டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால். பேஸ், வீடியோக் காலுக்கு. கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிட்டரிலிருந்து 300 ஓம் ஒன்று 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டரிலிருந்து 220 மைக்ரோஃபராட்டின் பிளஸ் கால். அதன் மைனஸ் காலிலிருந்து 75 ஓம். அங்கிருந்து மஞ்சள் சொக்கெட்டின் நடுமுனை. சொக்கெட்டின் வெளி வளையம் கிரவுண்டுக்கு. சத்தக் காலிலிருந்து 10 மைக்ரோஃபராட் வழியாக வெள்ளைச் சொக்கெட்.

இதில் பிழைக்கும் இடங்கள் சில. ஏ1015, 2என்3906 இரண்டும் பிஎன்பி வகை (மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும் மற்ற வகை என்பிஎன்), ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம். ஆனால் கால் வரிசை வேறு. தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், 2என்3906 இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். ஏ1015 எமிட்டர், கலெக்டர், பேஸ். படம் வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று சி1815ஐத் தந்தால் வாங்காதீர்கள், அது என்பிஎன். ஏன் பிஎன்பியே வேண்டும்? வீடியோச் சைகையின் அடியில் இருக்கும் சிங்க் துடிப்பு பூச்சிய வோல்ட்டுக்குக் கிட்ட இறங்குகிறது. இந்த இணைப்பில் என்பிஎன் டிரான்சிஸ்டர் பேஸில் 0.6 வோல்ட் வரும்வரை உறங்கும். சிங்க் துடிப்பை அப்படியே விழுங்கிவிடும். பிஎன்பி அடிவரை விழித்திருக்கும்.

கெப்பாசிட்டர் ஏன் அவ்வளவு பெரிதென்றும் கேட்கலாம். வெளியே 75, டிவிக்குள் 75, மொத்தம் 150 ஓம். 220 மைக்ரோஃபராட்டோடு சேர்த்தால் சுமார் 5 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாம் தடையின்றிப் போகும். அதற்குப் பதில் கையில் கிடந்த 10 மைக்ரோஃபராட்டைப் போட்டால் அந்த எல்லை 106 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். படமோ விநாடிக்கு 50 அல்லது 60 முறை மாறுவது. விளைவு, திரையின் மேலே வெளிச்சமும் கீழே இருட்டுமாகச் சாயும். பிரகாசமான காட்சியில் படம் உதறும். வெளிச்சம் மொத்தத்தில் குறைவென்றால் 75 ஓமை 47, 33 என்று இறக்கிப் பார்க்கலாம்.

வேலை முடிந்ததும், வீடியோக் கோடு மொடுலேட்டருக்குள் நுழையும் இடத்தையும் மொடுலேட்டரின் 5 வோல்ட்டையும் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளே ஓடிக்கொண்டே படத்தில் மெல்லிய சாய்கோடுகளைத் தூவும். 5 வோல்ட்டை வெட்டும்போது, அந்தக் கோடு பலகையின் வேறு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஈயமும் உப்புக் காற்றும்

63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் காரீயமும் கலந்த 63/37 ஈயம், 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர். அது 183 பாகையில் உருகும்; அயர்ன் முனையை 320 முதல் 350 பாகை செல்சியசில் வைத்தால் போதும். வெப்பக் கட்டுப்பாடில்லாத மலிவு அயர்ன் இதைத் தாண்டிப் போய், நகல் பலகைகளின் மெல்லிய செம்புத் தடத்தைத் தோலுரித்துவிடும். மூன்று விநாடிக்குள் ஈயம் ஓடவில்லையென்றால் முனையை எடுத்து, பிளக்ஸ் (ஈயத்தை ஓடவைக்கும் பசை) தடவி மீண்டும் முயலுங்கள். அழுத்தாதீர்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரைப் பக்கம் இருந்த கொன்சோல் என்றால், மொட்டுக்கு முன் கழுவல் வேலை இருக்கிறது. உப்புக் காற்றால் சொக்கெட்டுகளிலும் கசெட் குத்தும் பற்களிலும் பச்சை பூத்திருக்கும். ஐசோப்புரப்பைல் அல்ககோலும் பழைய பல்துலக்கியும் போதும். கசெட்டின் விளிம்பை வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம் அரிப்பைக் கூட்டுகிறது. நின்டென்டோப் பெட்டிகளைத் திறக்க 4.5 மில்லிமீட்டர் விசேட பிட்டும், கசெட்டுக்கு 3.8 மில்லிமீட்டரும் தேவை. பேனாவின் பிளாஸ்டிக்கை உருக்கி அச்செடுக்கும் வித்தை ஒருமுறைக்கு வேலை செய்யும், இரண்டாம் முறை உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

வெளி அடெப்டரில் ஓடும் கொன்சோலுக்குள் கைவைப்பது ஆபத்தில்லை; சாட்டர்ன், ட்ரீம்காஸ்ட் போன்றவற்றில் 230 வோல்ட் பெட்டிக்குள்ளேயே வரும், கவனம். குழாய் டிவியின் பின்மூடி வேறு கதை. பிளக்கைக் கழற்றிய பின்னும் குழாய் உயர் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைத் திறக்கவே வேண்டாம்.

நின்டென்டோ 64: அடுத்த படி

இங்கே வேலை நுணுக்கமாகிறது, எண்ணம் அதேதான். முற்பட்ட ஜப்பானிய, அமெரிக்க நின்டென்டோ 64களில் விடிசி-நஸ் என்ற சில்லு இருக்கும். ஆர்ஜிபி அதன் கால்களில் வருகிறது, ஆனால் பலமில்லாமல். பிந்திய பலகைகளில் அந்தச் சில்லே கிடையாது. பால் வகைகளில் பிரெஞ்சுப் பதிப்பைத் தவிர மற்றவற்றுக்கு இந்த இலேசான வழி சரிவராது. ஆகவே வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து சில்லின் பெயரை வாசிக்க வேண்டும்.

பலமற்ற சைகையைத் தூக்கிவிட டிஎச்எஸ்7314 என்ற எட்டுக் கால் சில்லு பாவிக்கப்படுகிறது. 1, 2, 3 ஆம் கால்கள் மூன்று நிறத்தின் வாசல், 4 ஆம் கால் 5 வோல்ட், 5 கிரவுண்ட், 6, 7, 8 வெளியேறும் வழி. வரிசை திரும்பி வருவதைக் கவனியுங்கள்: 1இல் போனது 8இல் வெளிவரும், 3இல் போனது 6இல். இதை மறந்தால் சிவப்பும் நீலமும் இடம்மாறி, எல்லா முகமும் நீலமாகத் தெரியும். 4, 5 கால்களுக்கு இடையே 0.1 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டரைச் சில்லோடு ஒட்டினாற்போல வைக்க வேண்டும். சில்லு சைகையை இரட்டிப்பாக்குகிறது. வெளியே ஒவ்வொரு நிறத்துக்கும் போடும் 75 ஓம், டிவியின் 75 ஓமோடு சேர்ந்து அதைப் பாதியாக்குகிறது. முடிவில் டிவிக்குப் போவது சரியான 0.7 வோல்ட். 75 ஓமைப் போடாமல் விட்டால் படம் கண்ணைக் கூசும், இரண்டு முறை போட்டால் மங்கும். நிறங்களைப் பின்பக்கச் சொக்கெட்டின் வெறுமையான 1, 2, 4 ஆம் கால்களுக்குக் கொண்டுபோனால், என்டிஎஸ்சி சூப்பர் நின்டென்டோவின் ஆர்ஜிபி வயரையே பாவிக்கலாம்.

சிங்க்கைச் சில்லிலிருந்து நேரே எடுத்தால் அது 5 வோல்ட் அளவிலும் வரலாம். அப்போது 470 ஓம் தொடராகப் போட்டால் 75 ஓம் சுமையில் 0.7 வோல்ட்டுக்கு இறங்கும். கொன்சோலில் சிங்க் தனியாகக் கிடைக்காதென்றால், கொம்போசிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எல்எம்1881 என்ற சில்லு இருக்கிறது.

எச்டிஎம்ஐ மொட் பற்றிச் சுருக்கமாக: படம் மின்னழுத்தமாக மாறுவதற்கும் முன்னால், எண்களாக இருக்கும்போதே பிடித்து எச்டிஎம்ஐயாக மாற்றுவது அது. இதைவிட முன்னால் போக இடமில்லை, படமும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் கால்களில் ஈயம் வைக்க வேண்டும், பலகையை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், விலையும் கொன்சோலைத் தாண்டும். முதல் மொட்டாக இதைத் தொடாதீர்கள்.

டிவியின் பக்கம்

ஆர்ஜிபி எடுத்தாயிற்று, எங்கே குத்துவது? ஐரோப்பிய டிவிகளில் ஸ்கார்ட் என்ற 21 கால் சொக்கெட் இருந்தது. இங்கே விற்ற டிவிகளில் அது அரிது. ஆகவே நமக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மலிவு ஏவி-எச்டிஎம்ஐ பெட்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பழைய என்டிஎஸ்சி கொன்சோல் அனுப்புவது 240பி. விநாடிக்கு 60 முழுப் படங்கள், ஒவ்வொன்றிலும் 240 வரி. என்டிஎஸ்சி டிவி ஒளிபரப்போ 480ஐ (பாலில் 576ஐ). ஒருமுறை ஒற்றை வரிகள், மறுமுறை இரட்டை வரிகள். மலிவுப் பெட்டிக்கும், புதிய டிவிகள் பலவற்றுக்கும் இந்த வேறுபாடு தெரியாது. 240பியையும் 480ஐ என்று நினைத்து, இரண்டு வெவ்வேறு படங்களைப் பின்னி ஒன்றாக்கிவிடும். அடிபட்ட பாத்திரம் கேமில் படபடவென்று மறைந்து தோன்றும் அல்லவா? ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. பெட்டி பின்னும்போது அது வரிவரியாகக் கிழிந்து தெரியும், அல்லது முழுதாகவே காணாமல் போகும். பொத்தானை அழுத்தியபின் தாமதமும் சேரும். எவ்வளவு நல்ல மொட் செய்தாலும் கடைசியில் இந்தப் பெட்டியைப் போட்டால் எல்லாம் வீண்.

240பியைச் சரியாக அறிந்து நடக்கும் கருவிகள் உண்டு. ஓஎஸ்எஸ்சி ஒவ்வொரு வரியையும் இரண்டு முதல் ஐந்து மடங்காக அச்சடித்து உடனே அனுப்புகிறது. படத்தைச் சேமித்து வைக்காததால் தாமதம் இல்லையென்றே சொல்லலாம், ஆனால் எல்லா டிவியும் எல்லா மடங்கையும் ஏற்காது. ரெட்ரோடிங்க் வகைகள் பாவிக்க இலகு. காசு குறைவென்றால் ஜிபிஎஸ்-8200 என்ற பலகையை வாங்கி, அதில் ஈஎஸ்பி8266 சிறுபலகையைச் சேர்த்து ஜிபிஎஸ்-கன்ட்ரோல் மென்பொருளை ஏற்றலாம். மென்பொருள் மாற்றாத ஜிபிஎஸ்-8200ஐ அப்படியே பாவித்தால் மலிவுப் பெட்டியைவிடப் பெரிய சுகம் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. பழைய டிவி விற்பவரிடம் பின்பக்கம் பச்சை, நீலம், சிவப்பு மூன்று சொக்கெட் உள்ள குழாய் டிவி கிடைத்தால் விடாதீர்கள். அது கொம்பொனன்ட். ஆர்ஜிபியைக் கொம்பொனன்டாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றோடு, 240பி தாமதமே இல்லாமல் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆர்ஜிபியை மாற்றாமல் நேரே அந்த மூன்று சொக்கெட்டிலும் குத்தக்கூடாது. நிறம் ஒத்திருப்பது கண்துடைப்பு.

படம் சொல்லும் குறை

படம் நிற்காமல் உருண்டால் அல்லது சாய்ந்து கிழிந்தால் சிங்க் போகவில்லை. வயரையும் கிரவுண்டையும் பாருங்கள். ஒரு நிறம் மட்டும் இல்லையென்றால் அந்த வரியில் ஈயம் பிடிக்கவில்லை. அசையாத செங்குத்துக் கோடுகள் மெகா டிரைவில் பிரபலம். உள்ளே நிறக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஓடும் மற்றச் சைகைகள் கசிவதால் வருவது. கிடையாக மெதுவாக ஏறும் இருண்ட பட்டை என்றால் அடெப்டர் அல்லது உலர்ந்த கெப்பாசிட்டர். கொன்சோலின் 5 வோல்ட்டை நிலைப்படுத்தும் 7805 ரெகுலேட்டரின் வெளியில் 4.9க்கும் 5.1க்கும் இடையில் இருக்கிறதா என்று அளந்தால் பாதி விடை கிடைக்கும். திரை வெளுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் இரைந்தால் வயருக்குள் வீடியோ சத்தத்துக்குள் கசிகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் தனி ஷீல்ட் உள்ள வயர் வாங்க வேண்டும். தட்டையான பரப்பில் சதுரங்கப் பலகைபோல் மெல்லிய கட்டம் தெரிந்தால், சிங்க்குக்காகப் பாவிக்கும் கொம்போசிட் நிறக் கம்பிகளில் கசிகிறது.

படம் தெளிவாக, ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தால் பயப்பட வேண்டாம். என்டிஎஸ்சி கொன்சோலைப் பால் மட்டும் தெரிந்த டிவியில் கொம்போசிட்டாக மாட்டியிருக்கிறீர்கள், டிவி 4.43இல் நிறத்தைத் தேடுகிறது, கொன்சோல் 3.58இல் அனுப்புகிறது. பால் மெகா டிரைவை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் இதே நடக்கும். பால் கொன்சோலில் 50 ஹெர்ட்ஸில் பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவதால் அந்த மாற்றத்தை விரும்புபவர்கள் நிறைய. ஆனால் மெகா டிரைவின் நிற அலை தலைமைக் கடிகாரத்திலிருந்தே பிரிக்கப்படுவது. கடிகாரம் பாலுக்குரியதாகவே இருக்க, பிரிக்கும் கணக்கு மட்டும் மாறினால் நிற அலை இரண்டு முறைக்கும் பொருந்தாத 3.547 மெகாஹெர்ட்ஸில் போய் நிற்கும். ஆர்ஜிபியில் மாட்டினால் நிறம் அந்த நொடியே வந்துவிடும், ஏனென்றால் அங்கே நிறம் எந்த அலையிலும் ஏறுவதில்லை.

கடைசியில் டிவியின் மெனுவுக்குள் போய், படத்தை 16:9இலிருந்து 4:3க்கு மாற்றி, கேம் மோடைப் போட்டு, ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். பல டிவிகளில் அது 50இல் நிற்கும். எழுத்துகளைச் சுற்றி வெள்ளை நிழல் மறையும்வரை இறக்க வேண்டும்.